ப்ளம்ஸ், பீச் சமையல் சொதப்பினால்: எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

கோடை முடியும் தறுவாயில் ப்ளம்ஸ், பீச், நெக்டரின் (வழுவழுத் தோல் பீச்) எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். கூடையைப் பார்த்த சந்தோஷத்தில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவோம். அப்புறம்தான் ஆரம்பிக்கும். ஜாம் தண்ணீராக ஓடும். வேகவைத்த பீச் வாயில் மாவாக ஒட்டும். மேலே மொறுமொறுவென்று வந்த கிரம்பிளுக்கு (பழத்தின் மேல் வெண்ணெய் பிசறிய மாவைத் தூவிச் சுடும் பலகாரம்) அடியில் ஒரு குளம் இருக்கும். இவை எல்லாவற்றையும் நானும் குறைந்தது இரண்டு முறையாவது செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏன் என்று நோட்டில் குறித்து வைத்ததுதான் இது.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எந்தக் கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## எதுவானாலும் முதலில் பழத்தை அழுத்திப் பாருங்கள்

நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பழம் ஒரு பதத்தில் இருக்கும், நாம் வேறொரு பதத்துக்கான பலகாரத்தைச் செய்துகொண்டிருப்போம். அதனால் காம்பு இருந்த இடத்தை ஒட்டி, கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். பழத்தின் நடுவில் அழுத்த வேண்டாம், அங்கே கன்றிவிடும்.

கல் மாதிரி இருந்தால்: இன்றைக்குச் சமைக்காதீர்கள். ஒன்று முதல் மூன்று நாள் ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு ஆப்பிளோ வாழைப்பழமோ கூடப் போட்டு மடித்து வையுங்கள். பீச், ப்ளம்ஸ், ஆப்ரிகாட், நெக்டரின் நான்கும் பறித்த பிறகும் இளகும், மணம் ஏறும். இனிப்பு மட்டும் பெரிதாக ஏறாது. செர்ரிக்கு இந்த வித்தை பலிக்காது, அது பறித்த பிறகு பழுப்பதே இல்லை.

லேசாக அமுங்கினால்: ஓவனில் சுடுவதற்கும், பாகில் வேகவைப்பதற்கும், கேக்கில் பதிப்பதற்கும் இதுதான் பதம்.

விரல் பதிந்து நின்றால்: சாஸ் அல்லது கூழ். ஜாமில் போடுவதென்றால் ஒரு பங்காக மட்டும்.

நிறத்தை நம்பாதீர்கள். பீச்சின் சிவப்பு வெயில் பட்ட பக்கத்தைத்தான் காட்டும். காம்பைச் சுற்றியுள்ள அடிநிறத்தில் பச்சை போய்விட்டதா என்று பாருங்கள்.

## அறிகுறி: பழம் மாவு மாதிரி இருக்கிறது, சாறே இல்லை

பீச்சிலும் நெக்டரினிலும்தான் இந்தத் தொல்லை அதிகம். வெளியே பார்க்க அழகாக இருக்கும், கடித்தால் ஈரப் பஞ்சு. சில சமயம் கொட்டையைச் சுற்றிப் பழுப்பு படர்ந்திருக்கும்.

பழுக்காத பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? அதுதான் காரணம். ஏறக்குறைய 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர் இவற்றுக்கு ஆகாது, வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அங்கேதான் ஓடுகிறது. முதலில் வெளியே பழுக்கட்டும். பழுத்த பிறகு ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைத்தால் கெடுதல் இல்லை.

நீங்கள் வைக்கவில்லையென்றால், உங்கள் கைக்கு வருவதற்கு முன்பு எங்கோ குளிரில் கிடந்திருக்கும். அந்தக் கூடையிலிருந்து ஒரு பழத்தை மட்டும் பழுக்கவிட்டு வெட்டிப் பாருங்கள். அதுவும் மாவாக இருந்தால் மற்றவையும் அநேகமாக அப்படித்தான்.

மாவான பழத்தை வேகவைத்து மீட்க முடியாது, சாறு திரும்பி வராது. பாதி பாதியாகச் சுடும் திட்டத்தைக் கைவிட்டு, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து மசித்துக் கூழாக்குங்கள். நன்றாகவே இருக்கும். வாங்கி வந்த அன்றே இப்படி இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்பதில் தவறில்லை.

## அறிகுறி: தோல் உரியவில்லை, கொட்டை விடவில்லை

பழத்தின் அடியில் கத்தியால் பெருக்கல் குறி மாதிரி கீறி, கொதிக்கிற நீரில் 30 விநாடி விட்டு, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். வரவில்லையென்றால் இன்னொரு 30 விநாடி. அப்போதும் வரவில்லையென்றால் பழம் பழுக்கவில்லை. அதற்கு மேல் கொதிநீரில் விட்டால் மேல்சதை வெந்து தோலோடு வரும். தோல் சீவும் கருவியை எடுங்கள். நெக்டரினுக்கும் ப்ளம்ஸுக்கும் தோலை அப்படியே விட்டுவிடுவது என் வழக்கம். ஜாமுக்கு நிறம் தருவதே ப்ளம்ஸ் தோல்தான்.

கொட்டை விஷயத்தில் உங்கள் மேல் குற்றமே இல்லை. சில ரகங்களில் சதை கொட்டையோடு ஒட்டியே இருக்கும், எவ்வளவு பழுத்தாலும் விடாது. பருவத்தின் தொடக்கத்தில் வரும் பீச்சில் ஒட்டு ரகம் அதிகம், பின்பகுதியில் வருபவை பெரும்பாலும் விடு ரகம். சோதிக்க ஒரு பழம் போதும். மடிப்புக் கோட்டிலேயே சுற்றி வெட்டி, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். வரவில்லையா? மிச்சத்தைத் திருகி நசுக்காதீர்கள், கொட்டையைச் சுற்றிப் பத்தைகளாகச் சீவி எடுங்கள். பாதிப் பழமாகச் சுடும் ஆசையை அடுத்த கூடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே கொட்டை பிளந்து, பக்கத்தில் கண்ணாடி மாதிரி பிசின் இருந்தால் பயம் வேண்டாம், அதை வழித்து எறிந்துவிட்டுப் பழத்தைப் பயன்படுத்தலாம். பிளவுக்குள் பூஞ்சை இருந்தால் அந்தப் பழம் முழுவதும் குப்பைக்கு.

## அறிகுறி: வெந்ததும் புளிப்பு தாங்கவில்லை

பச்சையாகத் தின்றபோது தித்தித்த ப்ளம்ஸ், அடுப்பிலிருந்து இறங்கியதும் முகத்தைச் சுளிக்க வைக்கும். புளிப்பு பெரும்பாலும் தோலிலும் கொட்டையை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. பச்சையாகத் தின்னும்போது அது தனியாக இருக்கும், வேகும்போது சாறு முழுக்கக் கலந்துவிடும்.

எடுத்த எடுப்பில் சர்க்கரையைக் கொட்டாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கி, ஒரு கரண்டியை ஆறவைத்துச் சுவையுங்கள். கொதிக்கக் கொதிக்கச் சுவைத்து அளவு போட்டால் ஆறியபின் கணக்கு தப்பும். பிறகும் புளித்தால் ஒவ்வொரு தேக்கரண்டியாகச் சர்க்கரை. நாக்கு இழுக்கிற மாதிரி துவர்ப்பாகவும் இருந்தால் அது தோலின் வேலை. வடிகட்டியில் மசித்துத் தோலை எடுத்துவிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பீச் சமைத்தால் சப்பென்று போவது புளிப்புக் குறைவால். அதற்கு எலுமிச்சைச் சாறு, சர்க்கரை அல்ல.

## அறிகுறி: துண்டுகள் குழைந்து கூழாகிவிட்டன

சர்க்கரையை எப்போது போட்டீர்கள்? முதலிலேயே பாகு காய்ச்சி அதில் பழத்தைப் போட்டால் துண்டு உருவம் காக்கும். வெறும் நீரில் வேகவிட்டுக் கடைசியில் சர்க்கரை போட்டால் கரைந்துபோகும். ஜாமுக்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். தோல் நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை. இல்லாவிட்டால் பழத்தோல் பெல்ட் மாதிரி விறைத்துப் போய், எவ்வளவு கொதித்தாலும் இளகாது.

சர்க்கரை சரியென்றால் தீயைப் பாருங்கள். தளதளவென்று கொதித்தால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். ஓரத்தில் மெல்லக் குமிழியிடும் அளவு போதும். கத்தி நுனி இறங்கும்போது கொஞ்சம் தடை இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள், மிச்சம் சூட்டிலேயே வெந்துவிடும்.

## அறிகுறி: ஜாம் இறுகவில்லை

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். என்னை அதிகம் அழவைத்ததும் இதுதான்.

### ஜாம் இன்னும் சூடாக இருக்கிறதா?

அப்படியானால் இது கோளாறே இல்லை. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். சூட்டில் எந்த ஜாமும் ஓடத்தான் செய்யும். சிலது முழுமையாக இறுக 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதற்குள் பாட்டிலைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது வீண்.

### இரண்டு நாள் ஆகியும் ஓடுகிறது

வரிசையாகப் பாருங்கள்.

பதம் பார்த்து இறக்கினீர்களா? ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்திருந்து, அதில் அரைத் தேக்கரண்டி ஜாமை விடுங்கள். ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். பதம் பார்க்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். தட்டில் ஆறும் அந்த ஒரு நிமிஷத்தில் பாத்திரத்தில் பதம் தாண்டிவிடக்கூடும்.

வெப்பமானி வைத்திருந்தால் கடல் மட்டத்தில் 104 முதல் 105 டிகிரி. உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண் பொருந்தாது, ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி குறையும். கணக்கெல்லாம் வேண்டாம். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள், அதோடு 4 அல்லது 5 கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானியே தவறாகக் காட்டினாலும் இந்த முறையில் அது அடிபட்டுப் போகும்.

பதம் சரியென்றால் அடுத்த சந்தேகம் புளிப்பு, அது குறைந்தாலும் ஜாம் இறுகாது. பீச்சுக்கு ஒரு கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு நான் போடுவது. புளிப்பு ப்ளம்ஸுக்கு அநேகமாகத் தேவையே இருக்காது.

அப்புறம் பழத்தின் பதம். கனிந்து தளர்ந்த பழத்தில் ஜாமை இறுக்கும் பெக்டின் சிதைந்து போயிருக்கும். "இது அழுகுவதற்குள் ஜாம் போட்டுவிடலாம்" என்று போடுகிற ஜாம் ஓடுவதற்கு இதுவே காரணம். கால் பங்கு சற்றுக் காயான பழம் கலந்தால் போதும். பீச்சிலும் செர்ரியிலும் பெக்டின் இயல்பாகவே குறைவு. ஆப்பிள் தோலையும் நடுத்தண்டையும் மெல்லிய துணியில் கட்டிக் கூடவே வேகவிட்டு, சர்க்கரை போடுமுன் பிழிந்து எடுத்துவிடுவேன்.

சர்க்கரையைக் குறைத்தீர்களா? ஒரு கிலோ பழத்துக்கு 700, 800 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண முறையில் இறுகுவது கஷ்டம். சர்க்கரை குறைவாகத்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கும் குறைசர்க்கரைப் பெக்டினை வாங்குங்கள்.

கடைசியாகப் பாத்திரம். குறுகலான ஆழமான பாத்திரத்தில் நான்கு கிலோவை ஒரே தடவையில் போட்டால் நீர் வற்றவே ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் பெக்டின் வெந்தே கெட்டுவிடும். அகலமான பாத்திரம், ஒரு தடவைக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோ, பெரிய தீ.

ஓடும் ஜாமை மீட்க எலுமிச்சைச் சாறு சேர்த்துத் திரும்ப வேகமாகக் கொதிக்கவிட்டுப் பதம் பாருங்கள். ஒரு முறைதான். இரண்டாம் முறை காய்ச்சினால் பழ மணம் போய் வெல்லப்பாகு வாசனைதான் மிஞ்சும். அதற்குப் பதில் "பழப் பாகு" என்று பாட்டிலில் எழுதி ஒட்டிவிடுங்கள். நான் அப்படி எழுதி ஒட்டியதைப் பாராட்டி வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

### கல்லாக இறுகிவிட்டது

பதம் தாண்டிவிட்டது. கொஞ்சம் வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்கிக் கலக்கினால் தளரும். இனி அதை வெளியே வைக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

### நறநறவென்று சர்க்கரை கடிபடுகிறது

சர்க்கரை முழுதாகக் கரையும் முன் கொதிக்கவிட்டிருப்பீர்கள். சின்னத் தீயில் கரண்டியின் பின்பக்கம் நறநறப்பு நிற்கும்வரை கிளறிவிட்டு, பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும்.

### அடிபிடித்துவிட்டது

கிளறாதீர்கள்! கரண்டி அடியைத் தொடாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மாற்றியதைச் சுவைத்துப் பாருங்கள். தீய்ந்த வாடை ஏறியிருந்தால் ஏலக்காயோ பட்டையோ எதைப் போட்டாலும் மறையாது. நான் முயன்றிருக்கிறேன்.

## அறிகுறி: கிரம்பிள், டார்ட் அடியில் சொதசொதவென்று நீர்

முதலில் பொறுமை. ஓவனிலிருந்து எடுத்த உடனே கரண்டி போட்டால் எல்லாமே குளம்தான். கிரம்பிளுக்கு அரை மணி, அடிமாவு உள்ள டார்ட்டுக்கு முழுதாக ஆறும்வரை.

ஆறியும் நீர் நின்றால், நடுவில் கொதித்ததா என்று யோசியுங்கள். ஓரத்தில் குமிழி வருவதைப் பார்த்து எடுத்துவிடுவோம். கார்ன்ஃப்ளார் சேர்த்திருந்தால் நடுவிலும் கெட்டியான, சோம்பலான குமிழி வந்த பிறகுதான் அது வேலை செய்திருக்கும். ஒரு கிலோ பழத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி போதுமானது.

அதுவும் சரியென்றால், பழத்தில் நீர் அதிகம். நறுக்கிய துண்டுகளில் சர்க்கரை பிசறி அரை மணி வைத்து, வடியும் சாற்றைத் தனியே பாதியாக வற்றவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். டார்ட்டாக இருந்தால் பாதிப் பழங்களை வெட்டிய முகம் மேலே பார்க்க அடுக்குங்கள், சாறு அந்தக் குழியிலேயே வற்றும். கவிழ்த்து வைத்தால் நேராக மாவுக்குள் இறங்கும். அடிமாவை மட்டும் முதலில் பாதி சுட்டுக்கொள்வதும், டார்ட் தட்டை ஓவனில் ஏற்கெனவே சூடேறிய இன்னொரு தட்டின் மேல் வைப்பதும் உதவும்.

### எல்லாம் செய்தும் அடி வேகவில்லை

இரண்டு பருவம் முழுக்க நான் ப்ளம்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஓவனுக்குள் வைக்கும் ஒரு சின்ன வெப்பமானியை வாங்கி வைத்தால், 190 என்று திருப்பிய ஓவன் 165-ல் நின்றுகொண்டிருந்தது. முதல் வருஷமே வாங்கியிருக்கலாம்.

வெப்பமானியை நடுத்தட்டில் வையுங்கள். 180-க்குத் திருப்பி 20 நிமிஷம் விட்டு, பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை மூன்று தடவை கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பாருங்கள்.

- எப்போதும் ஒரே அளவு குறைவாகவோ கூடவோ இருந்தால், அந்த வித்தியாசத்தைத் திருகில் ஈடுகட்டுங்கள். செலவில்லை.
- மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஓவன் ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும்.
- தாறுமாறாக ஏறி இறங்கினால், அல்லது மேல்பக்கம் கருகி அடிப்பக்கம் சூடே ஏறாவிட்டால், தெர்மோஸ்டாட்டோ அடிச்சூட்டுக் கம்பியோ போயிருக்கும். இதை நீங்கள் திறக்க வேண்டாம், ஓவன் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.
- தொட்டால் ஷாக் அடித்தாலோ, கேஸ் வாடை வந்தாலோ சோதனையெல்லாம் கிடையாது. ஷாக் என்றால் ஓவனைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் என்றால் குழாய் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியே போய்ப் பேசுங்கள்.

## அறிகுறி: நிறம் கெட்டுவிட்டது

நறுக்கியதும் பழுப்பேறினால், ஒரு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து துண்டுகளை அதில் போட்டுக்கொண்டே நறுக்குங்கள். கொட்டையைச் சுற்றிய சிவப்பு, வெந்ததும் ஊதாப் பழுப்பாக மாறுவது இயல்பு. கண்ணுக்குப் பிடிக்கவில்லையென்றால் கரண்டியால் முன்பே வழித்துவிடலாம். மொத்தமாகவே நீலம் பாய்ந்து, வாயில் உலோகச் சுவையும் இருந்தால் பாத்திரத்தைப் பாருங்கள். இரும்பும் பூச்சில்லாத அலுமினியமும் இந்தப் புளிப்புக்கு ஆகாது, எவர்சில்வரோ எனாமலோ போதும். ப்ளம்ஸ் மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருப்பது பழத்தின் சொந்த மெழுகு, அதைத் தேய்த்து எடுக்கப் பாடுபட வேண்டாம்.

## அறிகுறி: பால் சேர்த்ததும் திரிந்தது

சூடும் புளிப்பும் சேர்ந்தால் பால் திரியும். இரண்டையும் நன்றாகக் குளிரவைத்துப் பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் திரிந்தால் பாலுக்குப் பதில் கொழுப்பு அதிகமுள்ள கிரீம்.

## அறிகுறி: பாட்டிலில் பூஞ்சை, நுரை, உப்பிய மூடி

இங்கே சரிசெய்யும் வழிமுறை எதுவும் இல்லை. மேலே பூஞ்சை தெரிந்தால் வழித்துவிட்டு மிச்சத்தைத் தின்பது வேண்டாம், பாட்டிலோடு போகட்டும். மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் சீறினாலோ நுனிநாக்கில்கூட வைத்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளைச் சதை பீச்சில் புளிப்பு குறைவு. கொதிநீரில் பாட்டிலை முக்கிச் சேமிக்கும் முறை அதற்குப் பாதுகாப்பானதல்ல, போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு உண்டாக இடமிருக்கிறது. வெள்ளை பீச் மிஞ்சினால் துண்டுகளைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு பையில் போடுங்கள்.

## அறிகுறி: சாப்பிட்டவருக்கு ஏதோ செய்கிறது

பச்சைப் பழம் தின்றதும் உதடும் தொண்டையும் அரித்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வருவது. அவர்களில் பலருக்கு வேகவைத்த பழம் ஒன்றும் செய்யாது. எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது, சிலருக்கு வேகவைத்தாலும் ஒவ்வாமை போகாது. அதனால் நீங்களே சோதித்துப் பார்க்காமல் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தின்னுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

கொட்டையை உடைத்து உள்ளிருக்கும் பருப்பை வாசனைக்காகப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூழ் அடிக்கும்போது கொட்டையோடு மிக்சியில் போய்விடுவதும் நடக்கும். அந்தப் பருப்பு வயிற்றுக்குள் சயனைடை வெளியிடும். ஒரு வேளைக்குப் பச்சை ஆப்ரிகாட் பருப்பில் சிறியதாக மூன்றுக்கு மேல் தின்றாலே பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு தாண்டக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம். கொட்டையை முழுதாக விழுங்கியவருக்கு நஞ்சைவிடத் தொண்டையில் அடைப்பதுதான் பயம். பருப்பை மென்றவருக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் என்று எது ஆரம்பித்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள். எத்தனை தின்றார், எப்போது தின்றார் என்பதைச் சொல்லுங்கள், மிச்சக் கொட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.